நூல்முறையும் கற்கும்முறையும்: தமிழ் இலக்கணக் கற்பித்தல் அணுகுமுறைகள் - ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழ் வகுப்பில் இலக்கணத்தை எவ்வாறு கற்பிப்பது என்னும் வினா பெரும்பாலும் இரு முறைகளுக்கு இடையிலான வழக்காகவே பேசப்பட்டு வந்துள்ளது. விதியை முதலில் கூறிப் பின்னர் எடுத்துக்காட்டுகளால் விளக்குவது விதிவிளக்க முறை. எடுத்துக்காட்டுகளை முதலில் தந்து அவற்றிலிருந்து விதியை மாணவரே கண்டறியச் செய்வது விதிவரு முறை. ஆசிரியப் பயிற்சிக்குரிய தமிழ்ப் பாடநூல்கள் இவ்விரண்டின் நிறைகுறைகளை எடுத்துரைத்து, பின்னதே சிறந்தது என முடிப்பது வழக்கம். ஆயினும் வகுப்பறையில் முன்னதே நிலைபெற்றிருக்கிறது.

இவ்விரண்டனுள் எது சிறந்தது என்று ஆராய்வதற்கு முன்னர்த் தெளிவுபெற வேண்டிய வினா ஒன்று உண்டு. இலக்கணம் கற்க வரும் மாணவர் தமிழை ஏற்கெனவே எந்த அளவில், எந்த வடிவில் அறிந்திருக்கிறார் என்பதே அவ்வினா. தமிழகத்திற்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் இவ்வினா தவிர்க்க முடியாதது. அங்குத் தமிழ் கற்போர் மூவகையினர். தமிழ்வழிப் பள்ளியில் பயின்று வந்தோர் முதல்வகையினர். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் இந்தியோ கன்னடமோ மலையாளமோ ஆங்கிலமோ எழுதப் படிக்கக் கற்றோர் இரண்டாம் வகையினர். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் மூன்றாம் வகையினர். இம்மூவகையினர்க்கும் ஒரே இலக்கணப் பாடம், ஒரே வரிசையில், ஒரே வினாத்தாளை நோக்கி நடத்தப்படுவதன் விளைவுகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

மரபிலக்கணம் யாருக்காக?

தமிழ் இலக்கண வகுப்பின் அடித்தளம் நன்னூல். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய இந்நூல் பாயிரம் உட்பட 462 நூற்பாக்களால் ஆனது. எழுத்து, பதம், புணர்ச்சி, பெயர், வினை, பொது, இடை, உரி என அது செல்லும் வரிசையே பள்ளி இலக்கண நூல்களின் வரிசையாகவும் ஏறத்தாழ இன்றுவரை நீடிக்கிறது. சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லும் இவ்வரிசை, முழுதும் அறியப்பட்ட ஒரு மொழியைப் பகுத்து முறைப்படுத்திக் காட்டுவதற்கு மிகப் பொருத்தமானது. மொழியைக் கற்கும் வரிசையும் இதுவே ஆதல் வேண்டும் என்பது நூலில் எங்கும் கூறப்படாத ஒன்று. பிற்கால வகுப்பறை தானாகக் கொண்ட முடிவு அது.

நன்னூலுக்கு முற்பட்ட தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் வேறொரு வரிசையில் அமைந்திருப்பது இங்கு நோக்கத்தக்கது. அதன் முதல் இயல் கிளவியாக்கம். திணை, பால் ஆகியவற்றைக் கூறிய உடனே பெயரும் வினையும் ஒன்றோடொன்று எவ்வாறு இயைய வேண்டும், வினாவும் விடையும் எவ்வாறு வழுவின்றி அமைய வேண்டும் என்பனவற்றை அவ்வியல் பேசுகிறது. வேற்றுமையும் பெயரியலும் வினையியலும் அதன் பின்னரே வருகின்றன. முதலில் தொடர், பின்னர் அதன் உறுப்புகள் என்பது அங்குள்ள நெறி. நன்னூலோ இவ்வியைபுச் செய்திகளைப் பெயரியலுக்கும் வினையியலுக்கும் பின்னர்ப் பொதுவியலில் வைக்கிறது. மரபு ஒன்றே, வரிசை ஒன்றே என்று கருதுவோர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் இலக்கணச் சுருக்கத்தில் எழுத்து, சொல் ஆகியவற்றோடு தொடர்மொழிக்கெனத் தனி அதிகாரம் வகுத்ததும், நூற்பாவை விடுத்து உரைநடையில் எழுதியதும், பகுதிதோறும் தேர்வு வினாக்களை அமைத்ததும் கற்போரைக் கருதிச் செய்த மாற்றங்களாகும். மரபுக்குள்ளிருந்தே வரிசையையும் வடிவத்தையும் மாற்ற இயலும் என்பதற்கு நாவலரே சான்று.

வரிசையைக் காட்டிலும் அடிப்படையான மற்றொரு செய்தி உண்டு. மரபிலக்கணம் தமிழ் அறிந்தவருக்காக எழுதப்பட்டது. அவர் அறிந்ததை அது மீண்டும் கூறுவதில்லை. இறந்தகாலம் காட்டும் இடைநிலைகள் த், ட், ற், இன் என்று நன்னூல் தொகுத்துரைக்கிறது. எந்த வினை எந்த இடைநிலையை ஏற்கும் என்று வினைதோறும் அது வகுத்துக் காட்டவில்லை. காட்ட வேண்டிய தேவையும் அதன் மாணவருக்கு இருந்ததில்லை. ‘எழு’ என்பது ‘எழுந்தான்’ ஆகும். ‘அழு’ என்பது ‘அழுதான்’ ஆகும். ‘ஓடு’ என்பது ‘ஓடினான்’ ஆகும்; ‘போடு’ என்பது ‘போட்டான்’ ஆகும். தமிழ்க் குழந்தை பள்ளிக்கு வருமுன்னரே அறிந்துவிடும் இவ்வேறுபாடே, தில்லியிலோ மைசூரிலோ தமிழ் கற்கத் தொடங்கும் பிறமொழியாளர் நாள்தோறும் இடறும் இடம். அவருக்கு இடைநிலைகளின் பட்டியலைத் தருவது, பூட்டைக் காட்டாமல் நான்கு திறவுகோல்களைக் கையில் தருவதை ஒக்கும்.

இக்குறையை முதலில் உணர்ந்தவர்கள் தமிழை அயல்மொழியாகக் கற்றவர்களே. சீகன்பால்குவின் இலத்தீன் வழித் தமிழ் இலக்கணம் 1716இல் ஆல்லே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கென இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. செந்தமிழுக்கும் மக்கள் வழங்கும் தமிழுக்கும் தனித்தனி இலக்கணம் வேண்டும் என்பதை வீரமாமுனிவர் தெளிவாகக் கண்டிருந்தார். தமிழ்ப் புலவருக்கெனத் தமிழிலேயே தொன்னூல் விளக்கம் செய்தவரும் அவரே. ஒரே ஆசிரியர் இருவகைக் கற்போர்க்கு இருவகை இலக்கணம் வகுத்த இச்செய்தி, வீரமாமுனிவரின் தமிழ்த்தொண்டு பற்றிய கட்டுரைகளில் இடம்பெறும் அளவுக்குக் கற்பித்தல் பற்றிய ஆய்வுகளில் இடம்பெறவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924-1936) வினைச்சொற்களுக்குத் திரிபு வகை எண் கொடுத்திருப்பதும், க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (1992) வினைச்சொல்லுடன் அதன் எச்ச வடிவங்களைத் தந்திருப்பதும் இத்தேவையை நிறைவுசெய்யும் முயற்சிகளே. அகராதிகள் ஏற்றுக்கொண்ட இத்தேவையை இலக்கண வகுப்பு இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

பெயரிடுதலும் அறிதலும்

இலக்கணத் தேர்வு வினாக்களை நோக்கின் அவற்றுட் பெரும்பாலானவை இருவகைப்படும். ஒன்று, வரையறை கேட்பது. மற்றொன்று, தரப்பட்ட சொல்லுக்கு இலக்கணக் குறிப்புக் கேட்பது. இரண்டும் பெயரிடும் பயிற்சிகள். ‘துணிப்பை’ என்பதற்கு மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பிழையின்றி எழுதும் மாணவர், தம் கட்டுரையில் ‘துணி பை’ என்று ஒற்றின்றி எழுதுவதைத் தமிழாசிரியர் அனைவரும் கண்டிருப்பர். பெயர் தெரிந்திருக்கிறது, அப்பெயர் குறிக்கும் இயக்கம் தெரியவில்லை.

இதற்கு மனப்பாடமே காரணம் என்று கூறுவது எளிது. அது முழு உண்மை அன்று. ஏட்டில் எழுதிப் பயின்ற காலத்தில் நூற்பா தனித்து வழங்கவில்லை; உரையோடு சேர்ந்தே வழங்கியது. மயிலைநாதர் முதலாகச் சங்கர நமச்சிவாயர், சிவஞான முனிவர், ஆறுமுக நாவலர் வரை நன்னூலுக்கு உரை கண்டும் திருத்தியும் வந்தோர் எடுத்துக்காட்டுத் தந்தனர், ஐயம் எழுப்பினர், விடை கூறினர், மாறுபட்ட கருத்தை மறுத்தனர். நூற்பா நினைவில் நிற்பதற்கான சுருக்கம். உரை சிந்திப்பதற்கான களம். இன்றைய வகுப்பு நூற்பாவின் சுருக்கத்தை வைத்துக்கொண்டு உரையின் வாதத்தைக் கைவிட்டது. எஞ்சியது வரையறை மட்டுமே. மரபின் பெயரால் நடப்பது மரபின் ஒரு பாதியே என்பதை இதனால் உணரலாம்.

பிறமொழியாளர் வகுப்பு

தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர்க்கு எந்த இலக்கணம் தேவை என்பது அவர்தம் தாய்மொழியைப் பொறுத்து மாறும். மலையாள மாணவருக்கு வேற்றுமையும் புணர்ச்சியும் பெரிதும் பழகியவை. ஆனால் இன்றைய மலையாள வினைமுற்றுத் திணை பால் இடங்களைக் காட்டுவதில்லை. அவன், அவள், அவர் ஆகிய மூன்று எழுவாய்க்கும் ‘வந்நு’ என்பதே பயனிலை. ஆகவே வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்னும் விகுதி வேறுபாடு அவருக்குப் புதுப்பாடம். இவருக்கு எழுத்ததிகாரத்தில் ஓராண்டைச் செலவிட்டு, விகுதிகளை ஒரு பட்டியலால் கடந்துசெல்லும் பாடத்திட்டம் காலத்தை இடம் மாற்றிச் செலவிடுகிறது.

இந்தி மாணவரின் நிலை வேறு. வினைமுற்றுப் பாலுணர்த்தும் என்பதை அவர் அறிவார். அவரது மொழியில் உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. ‘கிதாப்’ பெண்பால், ‘காகஜ்’ ஆண்பால். எனவே பாலைச் சொல்லின் இயல்பாகக் கருதிப் பழகிய அவருக்கு, பொருளின் இயல்பைக் கொண்டு பால் வகுக்கும் திணைக்கோட்பாடே முதற்பாடம் ஆதல் வேண்டும். எழுத்து நிலையிலும் அவருக்குத் தனித் தேவை உண்டு. க, ங இவற்றுக்கிடையே தேவநாகரியில் மூன்று எழுத்துகள் உள. தமிழில் ‘க’ ஒன்றே. அஃது ‘கல்’, ‘பக்கம்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய சொற்களில் இடத்திற்கேற்ப ஒலி வேறுபடுகிறது. மொழி முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மையாகவும், மெல்லினத்தை அடுத்தும் உயிர்களுக்கிடையிலும் மென்மையாகவும் ஒலிக்கும் இவ்வொழுங்கு சிறிதும் குழப்பமற்றது. இதனைத் தமிழ் மாணவருக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. இந்தி மாணவருக்குக் கற்பிக்காமல் இருத்தல் இயலாது.

‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் இரண்டின் வேறுபாடு மற்றொரு சான்று. கேட்போரை உளப்படுத்தும் பன்மையையும் உளப்படுத்தாத பன்மையையும் தெலுங்கும் மலையாளமும் வேறுபடுத்துகின்றன. இந்தியில் ‘ஹம்’ ஒன்றே. இன்றைய கன்னடத்தில் ‘நாவு’ ஒன்றே. தமிழ்ச் சிறுவர் பிழை செய்யாத இவ்விடத்தில் இந்தி, கன்னட மாணவர் பிழை செய்கின்றனர். விருந்தினரிடம் ‘நாம் நாளை ஊருக்குப் போகிறோம்’ என்று கூறினால் அவரையும் உடன் அழைத்ததாகிவிடும். ஆனால் தன்மைப் பன்மை என்ற ஒரு பெயரின்கீழ் இரண்டையும் அடுத்தடுத்து எழுதிக் கடந்துசெல்வதே வழக்கமான பாடநூல்களின் போக்கு.

வேறுபாடுகளைப் போலவே பொதுமைகளும் வகுப்பில் பயன்பட வேண்டும். இந்திய மொழிகள் குடும்பத்தால் வேறுபட்டும் அமைப்பால் நெருங்கியும் இருப்பதை எமனோ 1956இல் ‘மொழியியல் பரப்பாக இந்தியா’ என்னும் கருத்தின்வழி எடுத்துக்காட்டினார். ‘எனக்குத் தமிழ் தெரியும்’ என்னும் தொடரில் அறிபவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். மலையாளத்தின் ‘எனிக்கு’, கன்னடத்தின் ‘நனகெ’, இந்தியின் ‘முஜே’ ஆகியவையும் இவ்விடத்தில் அவ்வாறே நிற்கும். ‘சாப்பிட்டுப் போனான்’ என்பதில் உள்ள வினையெச்சத்திற்கு நிகரான வடிவம் இந்தியிலும் உண்டு. ஆங்கிலத்தின் வாயிலாகத் தமிழ் இலக்கணம் விளக்கப்படும்போது இவை அரிய விந்தைகளாகத் தோன்றுகின்றன. மாணவர் தம் மொழியில் நாள்தோறும் செய்வதையே, அவர் அறியாதது போல விளக்கும் நிலை நேர்கிறது. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு (2005) பன்மொழிச் சூழலை வகுப்பறையின் வளமாகக் கொள்ளுமாறு வலியுறுத்தியது. தமிழகத்திற்கு வெளியே உள்ள தமிழ் வகுப்புகளைப்போல் அவ்வளம் தாமாகவே வாய்த்த வகுப்புகள் சிலவே. அங்கேயே அது பயன்படாதிருத்தல் இரங்கத்தக்கது.

வீட்டுத் தமிழும் பிழையெனும் முத்திரையும்

மூவகையினருள் மிகுதியும் இழப்புக்குள்ளாகுபவர் இரண்டாம் வகையினர். இவர்கள் தமிழை அறிவார்கள். எழுத்துத் தமிழை அறியார்கள். தேர்வுத்தாள் இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்துவதில்லை. ‘மாடுகள் வந்தது’ என்று மாணவர் எழுதினால் ஒருமை பன்மை மயக்கம் என்று குறித்து மதிப்பெண் குறைக்கப்படுகிறது. உண்மையில் அது கவனக்குறைவால் நேர்ந்த மயக்கம் அன்று. பேச்சுத்தமிழில் ‘மாடு வந்துச்சு’, ‘மாடுங்க வந்துச்சு’ என அஃறிணை ஒருமைக்கும் பன்மைக்கும் வினைமுற்று ஒன்றே. மாணவர் தாம் அறிந்த தமிழின் விதியை வழுவாது பின்பற்றியிருக்கிறார். ‘வந்தது’, ‘வந்தன’ என்னும் வேறுபாடு எழுத்து வழக்குக்கு உரியது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

இதனைச் சொல்லிக் கற்பிப்பதற்கும் பிழையென்று அடித்துத் திருத்துவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. முன்னது, மாணவரின் பேச்சை ஓர் ஒழுங்குடைய அமைப்பாக ஏற்று, எழுத்து வழக்கை அதனோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. ‘அவங்க வந்தாங்க’ என்பது ‘அவர்கள் வந்தார்கள்’ ஆவதும், ‘வந்துட்டான்’ என்பது ‘வந்துவிட்டான்’ ஆவதும் ஒழுங்கான தொடர்புகள். ஒருமுறை கண்டுகொண்டால் நூறு சொற்களுக்குப் பயன்படுபவை. பின்னதோ, அவர் தாயிடம் கற்ற தமிழையே ஐயுறச் செய்கிறது. தாய்மொழி வகுப்பில் தம் மொழி பிழையானது என்று கற்றுக்கொண்ட மாணவர், தெரிவுரிமை வாய்க்கும்போது வேறு மொழிப்பாடத்தை நாடினால் அவரைக் குறை கூறுதல் பொருந்தாது. தமிழகத்திற்கு வெளியே தமிழ்ப்பாடம் நிலைபெறுவது மாணவர் வருகையைப் பொறுத்தது. ஆதலின் இலக்கணக் கற்பித்தல் முறை என்பது அங்குத் தமிழ்த்துறையின் இருப்போடு தொடர்புடைய செய்தியாகும்.

எழுத்து வழக்கிலும் ஒரே தளம் இல்லை. ஒருமைக்கு ‘அன்று’, பன்மைக்கு ‘அல்ல’ என்பது மரபு. இன்றைய செய்தித்தாளும் கதையும் இரண்டிற்கும் ‘அல்ல’ என்றே பெரிதும் எழுதுகின்றன. இரண்டையும் உரைத்து, எது எங்கு வழங்குகிறது என்று காட்டுவதே ஆசிரியர் கடன். மரபு வடிவத்தை மட்டும் கூறினால் மாணவர் தாம் படிப்பதையெல்லாம் பிழையென்று எண்ணுவார். வழக்கு வடிவத்தை மட்டும் கூறினால் பழைய இலக்கியத்தின் வாயில் அவருக்கு அடைபட்டுவிடும்.

இலக்கணத்தை விலக்கும் அணுகுமுறை

வரையறை மிகுந்த வகுப்பின்மீது கொண்ட சலிப்பு, இலக்கணமே வேண்டா என்னும் எதிர்முனைக்கும் இட்டுச்சென்றுள்ளது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் முயற்சிகளுள் ஒன்று தென்னிந்தியாவிலேயே நிகழ்ந்தது. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டம், பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் இலக்கண வரிசையற்ற ஆங்கிலப் பாடத்தைச் சோதித்தது. தொடர்வண்டிக் கால அட்டவணை, நிலப்படம் போன்றவற்றைக் கொண்டு சிந்தித்து விடை காணும் செயல்கள் மாணவருக்குத் தரப்பட்டன. பொருளில் கவனம் செலுத்தும்போது இலக்கண அமைப்புத் தானே உள்ளத்தில் உருவாகும் என்பது அதன் கொள்கை. பெரட்டா, டேவிஸ் ஆகியோர் 1985இல் வெளியிட்ட மதிப்பீடு, இருமுறை மாணவரும் தத்தம் முறைக்கேற்ற தேர்வில் மேம்பட்டதைக் காட்டியது. உலக அளவில் மொழிக்கல்வியாளரால் விவாதிக்கப்பட்ட இம்முயற்சி, அது நடந்த நிலத்தின் தமிழ்த்துறைகளில் போதிய கவனம் பெறவில்லை.

அத்திட்டத்தின் முடிவை அப்படியே தமிழ் வகுப்புக்குக் கொண்டுவருதலும் பொருந்தாது. பொருளில் கவனம் செலுத்திப் பேசினால் மாணவர் அடைவது பேச்சுத்தமிழ். ‘வந்தன’ என்னும் வடிவமோ வேற்றுமைத் தொகையின் ஒற்றோ அன்றாட உரையாடலில் அவர் காதில் விழும் வாய்ப்புக் குறைவு. கேளாத வடிவம் தானே உருவாகாது. இரட்டை வழக்குடைய மொழியில், பொருள்சார்ந்த செயலின் நடுவே வடிவத்தின்மீது கவனத்தைத் திருப்புதல் இன்றியமையாதது. மைக்கேல் லாங் 1991இல் வகுத்த வடிவக் கவனம் என்னும் கருத்து இத்தகைய நடுநெறியைச் சார்ந்தது. இலக்கணத்தைப் பாடத்தின் தலையிலும் வைக்காமல், பாடத்திற்கு வெளியேயும் தள்ளாமல், தேவை எழும் இடத்தில் வைப்பது அதன் சாரம்.

மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் (1969) பிறமொழி ஆசிரியர்க்குத் தமிழ் கற்பிப்பதில் நெடிய பட்டறிவு உடையது. அந்நிறுவனத்தின் பயிற்சி நூல்கள் உரையாடலில் தொடங்கி, அமைப்புப் பயிற்சிகள் வழியாகச் செல்கின்றன. தொடரை முதலில் வைத்தமை அவற்றின் வலிமை. ஒரே சட்டகத்தில் சொல்லை மாற்றி மாற்றிக் கூறும் பயிற்சி நாவுக்குப் பழக்கத்தைத் தரும். ஏன் என்னும் வினாவை எழுப்பாது. பல்கலைக்கழக மாணவருக்கு அவ்வினாவும் வேண்டும்.

பாயிரம் காட்டும் வழி

இந்நடுநெறிக்கான அடிப்படையை நன்னூலின் பொதுப்பாயிரத்திலேயே காணலாம். ஆசிரியன், பாடஞ்சொல்லல், மாணாக்கன், பாடங்கேட்டல் எனக் கல்வியின் உறுப்புகளைத் தனித்தனியே வகுத்துக் கூறும் பகுதி அது. கற்பவனின் கொள்திறம் அறிந்து, அவன் உள்ளம் ஏற்குமாறு கற்பிக்க வேண்டும் என்று அது ஆசிரியனுக்கு விதிக்கிறது. நூல் பயிலும் முறைகளை அடுக்கும்போது வழக்கை அறிந்துகொள்வதை முதலில் வைக்கிறது. மனத்தில் இருத்துதல், கேட்டதைச் சிந்தித்தல், உடன்பயில்வோரோடு பழகுதல், வினவுதல், விடையளித்தல் ஆகியவை அதனைத் தொடர்கின்றன. மனப்பாடம் அப்பட்டியலில் உண்டு, முதலிடத்தில் இல்லை.

கற்றலின் அளவை அப்பகுதி கால்கூறுகளாகப் பிரித்துக் காட்டுவதே இங்கு மிகவும் கருதத்தக்கது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக்கொண்டாலும் மாணவர் பெறுவது ஒரு காற்கூறே. உடன்பயில்வோரோடு பயில்வதால் மற்றொரு கால் கிட்டும். தாம் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும். முக்காற்பங்கு ஆசிரியரின் கூற்றுக்கு வெளியே உள்ளது என்று ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் கூறிய நூலை, ஆசிரியர் கூற்று ஒன்றினாலேயே நடத்திவருவது வியப்புக்குரியது. பாயிரத்தைச் சிறப்புரையாகப் படித்துவிட்டு எழுத்தியலுக்குச் செல்லும் வகுப்பு, நூலின் கற்பித்தல் கொள்கையை நூலின் வாயிலிலேயே விட்டுச்செல்கிறது.

வல்லினம் மிகுதலைக் கொண்டு இதனை விளக்கலாம். ‘துணி தைத்தான், கிளி பிடித்தான், அரிசி கொடுத்தான்’ ஆகியவற்றை ஒருபுறமும், ‘துணிப்பை, கிளிக்கூண்டு, அரிசிக்கடை’ ஆகியவற்றை மறுபுறமும் எழுதுவது ஆசிரியரின் காற்கூறு. மாணவர் குழுவாக அமர்ந்து வேறுபாட்டைத் தேடுவது அடுத்த கால். வினை வரும்போது மிகவில்லை, பெயர் வரும்போது மிகுகிறது என்று அவர்கள் கூறக்கூடும். அப்போது ‘துணியைத் தைத்தான், கிளியைப் பிடித்தான்’ என்பனவற்றைக் காட்டினால் அவ்விதி உடையும். உருபு வெளிப்பட்டு நிற்பதும் மறைந்து நிற்பதும் வேறென்று அவர்களே உணர்வர். ‘கீரை கடை’ என்பது ஏவல், ‘கீரைக்கடை’ என்பது அங்காடி என்று கண்டவர்க்கு அந்த ஒற்று வெறும் எழுத்தாகத் தோன்றாது. பொருளைத் தாங்கும் உறுப்பாகத் தோன்றும். இவ்விடத்தில்தான் இரண்டாம் வேற்றுமைத் தொகை, விரி, உடன்தொக்க தொகை என்னும் பெயர்கள் வர வேண்டும். கண்டறிந்த வேறுபாட்டைக் குறிக்கப் பெயர் தேவைப்படும்போது வரும் பெயர் மறவாது. இறுதியாக, ஒரு மாணவர் பிற மாணவருக்கு இதனை எடுத்துரைப்பதில் எஞ்சிய அரைப்பங்கும் நிறைவுறும்.

இம்முறைக்குக் காலம் மிகுதியாகத் தேவைப்படும் என்பது உண்மையான தடை. ஒரு பருவத்தில் நன்னூலின் இரு அதிகாரங்களையும் முடிக்க வேண்டிய ஆசிரியர்க்கு இஃது இயலாதது போலத் தோன்றும். அதற்கு விடை, மாணவரின் வகைக்கேற்பப் பகுதிகளைத் தேர்ந்துகொள்வதே. மலையாள மாணவருக்கு விகுதிகள், இந்தி மாணவருக்குத் திணையும் எழுத்தொலியும், வீட்டுத் தமிழ் மாணவருக்குப் பேச்சு எழுத்து ஒப்பீடு என முதலிடம் மாறலாம். நன்னூலை முழுமையாகவும் உரைகளோடும் கற்பதற்கு முதுகலை வகுப்பு உண்டு. அங்கு அதன் வரிசை நூலின் கட்டமைப்பாகவே ஆராயப்படலாம்.

முடிவுரை

விதி முன்னா, எடுத்துக்காட்டு முன்னா என்னும் வழக்கு, எல்லா மாணவரும் ஒரே தமிழோடு வகுப்புக்கு வருகின்றனர் என்னும் கருதுகோளின்மேல் நிற்பது. அக்கருதுகோள் தமிழகத்திற்குள்ளும் முழுமையாகப் பொருந்தாது; வெளியே சிறிதும் பொருந்தாது. மரபிலக்கணம் தமிழறிந்தார்க்கு எழுதப்பட்ட நூல் என்பதை ஏற்பது அதன் பெருமையைக் குறைக்காது. அதற்குரிய இடத்தில் அதனை அமர்த்தும். இலக்கணத்தை விலக்கிவிடுவதும் தீர்வாகாது. பேச்சில் கேளாத வடிவங்களை வகுப்பன்றி வேறெவரும் மாணவருக்குத் தரப்போவதில்லை.

வினாத்தாள் மாறாதவரை வகுப்பு மாறாது என்பதும் உணரத்தக்கது. இலக்கணக் குறிப்புத் தருக என்னும் வினாவோடு, இவ்விரு தொடர்க்கும் பொருள் வேறுபாடு யாது, பேச்சு வடிவத்தை எழுத்து வடிவமாக்கிக் காரணம் கூறுக, உன் தாய்மொழியில் இத்தொடர் எவ்வாறு அமையும் என்னும் வினாக்களும் இடம்பெறுமாயின் ஆசிரியரும் மாணவரும் அவற்றுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்வர். புதிய நூலோ பெருஞ்செலவோ இதற்கு வேண்டியதில்லை. பாடத்திட்டக் குழு தன் அடுத்த கூட்டத்திலேயே செய்யத்தக்க மாற்றம் இது.